மருத்துவர் சொன்னதோடு நிறுத்துவதா, வெளியிலும் தேடுவதா? புற்றுநோய்த் தகவல் பற்றி ஒரு விவாதம்

வழித்துணை

புற்றுநோய் என்று உறுதியான அன்றே வீட்டில் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் கூகுளில், ஒருவர் யூடியூபில், இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில். விடிவதற்குள் வீட்டில் நாலு விதமான முடிவு.

என் கட்சியை நேராகவே வைக்கிறேன். திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியின் அறிக்கை முழுதாக வந்து, நோய் எந்த நிலை என்று தெரிந்து, சிகிச்சைத் திட்டம் எழுத்தில் கைக்கு வரும்வரை நோயாளியும் வீட்டாரும் வெளியே எங்கும் தேடக் கூடாது. அதற்கு முன் தேடிக் கிடைப்பதெல்லாம் வேறு யாருடைய நோய்க்கோ எழுதியது.

மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுச் செல்லில் ஹார்மோனை ஏற்கும் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற மூன்றையும் பார்த்துத்தான் மருந்தையே முடிவு செய்கிறார்கள். ஹெர்2 சோதனையில் 0 அல்லது 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும் இல்லை, ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்து பார்த்தாக வேண்டும். அந்த முடிவு வருவதற்குள் "மார்பகப் புற்றுநோய் சிகிச்சை" என்று தட்டினால் மூன்று நான்கு வெவ்வேறு நோய்களின் சிகிச்சையும் ஒரே பக்கத்தில் கலந்து வரும். எது தனக்கு என்று பிரித்தெடுக்க நோயாளியிடம் அப்போது எந்தக் கருவியும் கிடையாது. பயம் மட்டும் கூடும்.

எதிர்த்துப் பேசுபவர்கள் பேசலாம்.

தேடல்காரன்

ஐயா, உங்கள் அக்கறையில் குறை இல்லை. ஆனால் "தேடாதே" என்று சொல்லி யாரும் நின்றதில்லை. அமெரிக்காவில் 2003-இல் எடுத்த தேசியக் கருத்தாய்வில், புற்றுநோய் பற்றி முதலில் யாரிடம் கேட்க விரும்புவீர்கள் என்றதற்கு 49.5% பேர் மருத்துவரைச் சொன்னார்கள். உண்மையில் முதலில் எங்கே போனீர்கள் என்றதற்கு 48.6% பேர் இணையம் என்றார்கள். மருத்துவரிடம் முதலில் போனவர்கள் 10.9% மட்டுமே. கைபேசியில் இணையம் பரவாத காலத்துக் கணக்கு இது. தடுக்க முடியாததைத் தடுப்பதைவிட எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுப்பது மேல்.

இன்னொன்று, காத்திருப்பதால் இழப்பும் உண்டு. பல கீமோ மருந்துகள் கருவுறும் திறனைக் கெடுக்கும். விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டுமானால் முதல் சுழற்சிக்கு, அதாவது முதல் முறை மருந்து ஏற்றுவதற்கு, முன்பே கேட்டாக வேண்டும். கருமுட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஊசி போட்டுத் தயார் செய்ய வேண்டியிருக்கும். திட்டம் எழுத்தில் வந்த பிறகு தேடத் தொடங்கினால், பல சமயம் கீமோ தேதி அடுத்த நாளாக இருக்கும். அவசரத்தில் மருத்துவர் இதைச் சொல்ல மறந்திருந்தால், நோயாளி வேறெங்கும் படித்திருந்தால்தான் கேட்பார்.

நீங்கள் சொன்ன ஹெர்2 கணக்கிலும் ஒரு திருத்தம். 1+ என்றால் நெகட்டிவ், அதோடு முடிந்தது என்ற காலம் போய்விட்டது. 2022-இல் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு, ஹெர்2 குறைவாக உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1+ உள்ளவர்களும், 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களும் அதில் அடக்கம். பழைய அறிக்கையில் "நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால், அது 0-வா 1+-ஆ என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்கத் தெரிவதற்குப் படித்திருக்க வேண்டும்.

வழித்துணை

ஹெர்2 திருத்தத்தை ஏற்கிறேன். பரவிய நோய்க்கு அந்த வேறுபாடு முக்கியம்தான். கருவுறுதல் பற்றிய கேள்வி முதல் நாளே வர வேண்டும் என்பதிலும் மறுப்பு இல்லை. ஆனால் அதற்கு இணையம் எதற்கு? அறைக்குள் கேட்கும் முறை சரியாக இருந்தால் போதும்.

மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80% வரை அறையைவிட்டு வெளியே வந்ததுமே மறந்துபோகிறது. நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாகப் பதிந்திருக்கிறது என்று மருத்துவ நினைவாற்றல் பற்றி 2003-இல் வந்த ஒரு மதிப்பாய்வு சொல்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் வெளியே போய்த் தேடுவதில் என்ன பயன்?

அடைக்கும் வழி எளிது. அனுமதி கேட்டுவிட்டுப் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். "வீட்டில் திரும்பக் கேட்டுப் புரிந்துகொள்ளத்தான்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒருவர் பேச, இன்னொருவர் எழுத வேண்டும். இரண்டையும் நோயாளியே செய்ய முடியாது. கேள்விகளை முன்பே எழுதி, மிக அவசியமான மூன்றை மேலே வையுங்கள். இருபது கேள்வியோடு போனால் கடைசியில் இருப்பது கேட்கப்படாமலே போகும், பெரும்பாலும் மனதை அரிக்கிற கேள்வியே கடைசியில் இருக்கும். எழுந்திருக்கும் முன் "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்தது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கையில் எழுதி வாங்க வேண்டியவை: நோயின் முழுப் பெயர், நிலை, கிரேடு (புற்றுச் செல் எவ்வளவு தீவிரமானது என்பது), மருந்தின் வேதிப்பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, மொத்தம் எத்தனை சுழற்சி, இரவில் அழைக்க வேண்டிய எண். இவற்றோடு சிகிச்சையின் நோக்கத்தையும் வாங்க வேண்டும். குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா, துன்பத்தைக் குறைக்கவா? இந்த ஒன்றைக் கேட்காமல் மாதக்கணக்கில் கீமோ ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு.

கூடஇருப்பவள்

இரண்டு பேரும் "நோயாளியும் வீட்டாரும்"னு ஒரே மூச்சுல சொல்றீங்க. இரண்டு பேருக்கும் வேண்டிய தகவல் ஒண்ணு இல்லைங்க.

நோயாளிகள்ல சிலர் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டாத்தான் தூங்குவாங்க. சிலருக்கு அதிகம் தெரிஞ்சா தூக்கம் போயிடும். இரண்டும் இயல்பு, ஒண்ணு தைரியம் ஒண்ணு கோழைத்தனம்னு இல்ல. அதனால வீட்டார் தேடறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்: "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, மிச்சத்தை யார்கிட்ட சொல்லணும்?" பதில் என்னவோ அதை மருத்துவர்கிட்டயும் நோயாளி முன்னாடியே சொல்லிடணும். இல்லாட்டி மறைக்கிற வேலை ஆரம்பிச்சிடும். மகனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியும், ஆனா தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க மாட்டார். கடைசியில முடிவெடுக்க வேண்டிய நாள் வரும்போது யாருமே வாய் திறக்க முடியாம போகும்.

கூட இருக்கறவங்களுக்கு வேண்டியது வேற வகை. மாத்திரையா வர்ற கீமோவை உடைக்கலாமா? கூடாது, பொடி பறக்கும். வெறும் கையால எடுத்துக் கொடுக்கலாமா? கையுறை போட்டுக்கணும், கர்ப்பமா இருக்கறவங்க தொடவே வேண்டாம். வாந்தி, சிறுநீர் பட்ட துணியைத் தனியாத் துவைக்கணும். கழிவறை மூடியை மூடிட்டு இரண்டு தடவை தண்ணி விடணும். பொதுவா கீமோ முடிஞ்சு 48 மணி நேரம் இந்தக் கவனம் வேணும். சில மருந்துக்கு இன்னும் கூடுதல் நாள். இதை மருத்துவர் சொல்ல மாட்டார், அவருக்கு நேரம் இல்ல. மருந்து ஏற்றுற இடத்துல இருக்கிற செவிலியர்கிட்ட கேட்டா ஐந்து நிமிஷத்துல சொல்லிடுவாங்க. இந்தச் செவிலியரை நீங்க இரண்டு பேருமே பட்டியல்லயே சேர்க்கலை.

மருந்துக்குறிப்பு

செவிலியரைச் சேர்த்ததோடு மருந்தாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழி. சிகிச்சையைக் கெடுப்பதில் கூகுளைவிடப் பெரியது, யாரிடமும் சொல்லாமல் ஓரமாகச் சாப்பிடுகிற பொருள்கள். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கிறார்கள்.

செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகை உற்சாகக் குறைவுக்காக உலகெங்கும் விற்கிறது. அது கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். இரினோடெக்கான் என்ற கீமோவோடு அதைச் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அந்த மருந்தின் செயல்படும் வடிவம் 42% குறைந்ததாக 2002-இல் வந்த ஆய்வு காட்டியது. நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாது. "பக்கவிளைவே இல்லை, மூலிகை காப்பாற்றுகிறது" என்றுகூடத் தோன்றும். பக்கவிளைவு குறைந்தது மருந்து குறைந்ததால்தான். பம்ப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் இதற்கு நேர்மாறு: அந்த நொதியை முடக்கி, சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சாதாரண மாத்திரைகூட எர்லோடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது.

எனவே வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், பொடியையும், வைட்டமினையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். வெளியே தேடத்தான் வேண்டும் என்றால் இதற்கு நல்ல இடம் ஒன்று உண்டு: நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் மூலிகைகளுக்கென்றே நடத்தும் இலவசத் தரவுத்தளம். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த மருந்தோடு மோதும் என்று தனிப்பகுதி இருக்கும். அதாவது வழித்துணை ஐயாவின் முழுத்தடை எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிச் சிகிச்சையை விட்டவர்களின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பரவாத நிலையில் இருந்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வில் மரண ஆபத்து மொத்தமாக 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் 5.68 மடங்கு, பெருங்குடலில் 4.57 மடங்கு. புராஸ்டேட்டில் குறிப்பிடும்படி வேறுபாடு தெரியவில்லை, அது பலருக்கு மெதுவாக வளர்வது என்பதால் அந்த ஆண்டுகளுக்குள் தெரிய வாய்ப்பும் குறைவு. யூடியூபில் "கீமோ இல்லாமல் குணமானேன்" என்று வரும் கதைகளில் நோய் எது, நிலை எது, அறுவைச் சிகிச்சை ஏற்கெனவே நடந்ததா என்று பாருங்கள். பலவற்றில் கட்டியை எடுத்துவிட்ட பிறகு கீமோவை மட்டும் மறுத்திருப்பார்கள். குணப்படுத்தியது கத்தி, பெயர் பொடிக்கு.

தேடல்காரன்

மருந்துக்குறிப்பு சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. நான் பேசுவது வேறு இடம்: அதே நோய் உள்ள மற்ற நோயாளிகள்.

மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் மின்னஞ்சல் குழு ஒன்றில் வந்த 4,600 பதிவுகளை மருத்துவர்கள் படித்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். தவறானதோ திசைதிருப்புவதோ ஆனவை 10. அதாவது 0.22%. அந்தப் பத்தில் ஏழை மற்ற உறுப்பினர்களே சராசரியாக 4 மணி 33 நிமிடத்தில் திருத்திவிட்டார்கள். அறியாதவர்கள் கூடி அறியாமையைப் பரப்பும் இடம் என்ற படத்துக்கு இது பொருந்தவில்லை.

2007-இல் நான்காம் நிலைச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்த டேவ் டிபிராங்கார்ட் பற்றிப் பலர் அறிந்திருப்பார்கள். உயர் அளவு இன்டர்லூக்கின்-2 என்ற சிகிச்சை சிலருக்கே பலிக்கும், அதை எல்லா மருத்துவமனையும் செய்வதில்லை, செய்பவர்கள் யார் யார் என்பதை ஒரு நோயாளிக் குழு அவருக்குச் சில மணி நேரத்தில் சொன்னது. அவர் பிழைத்தார். அரிய வகைப் புற்றுநோய் என்றால் இது இன்னும் முக்கியம். ஒரு பொதுப் புற்றுநோய் மருத்துவர் தன் வாழ்நாளில் நாலைந்து பேரைப் பார்த்திருக்கலாம்; குழுவில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

வழித்துணை

டிபிராங்கார்டை அந்தக் குழுவுக்கு அனுப்பிவைத்ததே அவருடைய மருத்துவர்தான். இந்த உதாரணம் உங்கள் கட்சிக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு என் கட்சிக்கும் சொந்தம்.

2006 ஆய்வு ஒரு மின்னஞ்சல் குழுவைப் பற்றியது. இப்போது மக்கள் இருக்கும் இடம் அதுவல்ல. நான்கு பொதுவான புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் மிக அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை நிபுணர்கள் மதிப்பிட்டு வெளியான ஆய்வில் 32.5% தவறான தகவல் கொண்டவை, 30.5% தீங்கு விளைவிக்கக்கூடியவை. சரியானவற்றைவிடத் தவறானவையே அதிகம் பகிரப்பட்டன.

நோயாளி என்று சொல்கிறவர் நோயாளிதானா என்பதும் கேள்வி. ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சன் மூளைப் புற்றுநோயை உணவு முறையால் வென்றதாகச் சொல்லிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். 2015-இல் தனக்குப் புற்றுநோயே இருந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். 2017-இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதுவரை அவரைப் பின்பற்றியவர்கள் என்ன ஆனார்கள்?

தேடல்காரன்

குழு வேறு, பகிர்வு வேறு என்பதுதான் விடை. 0.22-க்கும் 32.5-க்கும் நடுவில் இருப்பது அமைப்பு. குழுவில் ஒருவர் தவறு சொன்னால் அதே மருந்தைச் சாப்பிடுகிற நாற்பது பேர் படிக்கிறார்கள், மறுக்கிறார்கள், மறுப்பும் அதே இடத்தில் நிற்கிறது. பகிர்வில் தவறு மட்டும் பயணம் போகிறது, மறுப்பு பின்தங்கிவிடுகிறது.

சேரும் முன் குழுவை எடைபோட வழி உண்டு. ஒரே புற்றுநோய்க்கோ ஒரே மரபணு மாற்றத்துக்கோ ஆனதா? எதையாவது விற்கிறார்களா? யாராவது "கீமோவை நிறுத்துங்கள்" என்று எழுதியபோது நிர்வாகி என்ன செய்தார்? பழைய பதிவுகளை ஒரு வாரத்துக்குப் பின்னோக்கிப் படித்தாலே தெரிந்துவிடும். குழுவிலிருந்து எடுத்துவர வேண்டியது கேள்வி; முடிவை அங்கிருந்து எடுத்துவரக் கூடாது.

எண்கணக்கு

இடையில் புகுகிறேன். இருவரும் தகவல் கிடைக்கும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நம்பகமான இடத்தில் சரியான எண்ணையே பார்த்துவிட்டு ஆள் உடைந்துபோவது பற்றி யாரும் பேசவில்லை.

"சராசரி ஆயுள் 8 மாதம்" என்று படிக்கிறவர் தனக்கு 8 மாதம் என்று எடுத்துக்கொள்கிறார். அங்கே இருப்பது பெரும்பாலும் இடைநிலை எண். பாதிப் பேர் அதற்கு முன் இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். தாண்டிய பாதி எவ்வளவு தூரம் போனது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. கீழ்ப்பக்கம் பூஜ்யத்தில் சுவர் இருக்கிறது. மேல்பக்கம் வால் நீண்டு போகலாம். தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தபோது புத்தகத்தில் இருந்த இடைநிலை 8 மாதம். அவர் 20 ஆண்டு இருந்தார், 2002-இல் இறந்ததும் வேறொரு புற்றுநோயால். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. வரைபடத்தின் வடிவம் அப்படி என்கிறேன்.

ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்திலும் ஒரு சிக்கல். ஐந்தாண்டு பார்த்து முடிக்க, குறைந்தது ஐந்தாண்டுக்கு முன் நோய் தெரிந்தவர்களைத்தான் எண்ண முடியும். அதற்குப் பிறகு வந்த மருந்து எதுவும் அந்த எண்ணில் இல்லை. உடம்பின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி வந்த நோய்களில் இந்த இடைவெளி பெரிது.

அடுத்து "18% ஆபத்து கூடும்" வகைத் தலைப்புகள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராமுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்றது. 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், 18% கூடினால் ஏறக்குறைய 6 பேர். புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் "சிகரெட்டுக்குச் சமம்" என்று பரப்பினார்கள். பிரிவு சொல்வது புற்றுநோய் வரவைக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்தின் அளவை அல்ல.

சொல்லாய்வு

எண்ணுக்கு முன் சொல்லே காலை வாருகிறது. ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முற்றிய புற்றுநோயைக் கருவி பல நேரம் "மேம்பட்ட புற்றுநோய்" என்கிறது. நோய் பெருகிவிட்டது என்பதை "நோய் முன்னேற்றம்" என்கிறது. ஸ்கேன் அறிக்கையில் "முன்னேற்றம் காணப்படுகிறது" என்று படித்துவிட்டு வீடே மகிழ்ந்து, மறுநாள் மருத்துவர் மருந்தை மாற்றும்போது ஒன்றும் புரியாமல் நிற்பார்கள்.

நெகட்டிவ், பாசிட்டிவ் இன்னொரு பொறி. அறுத்தெடுத்த கட்டியின் விளிம்பு நெகட்டிவ் என்றால் நல்லது. நிணநீர்க் கணு நெகட்டிவ் என்றாலும் நல்லது. மூன்று ஏற்பியும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மருந்தும் வழக்கமான ஹெர்2 மருந்தும் பயன்படாத வகை. கருவி மூன்றையும் "எதிர்மறை" என்றே போடும். எனவே மருந்துப் பெயர், எண், நெகட்டிவ் பாசிட்டிவ் ஆகிய மூன்றையும் மூலத்தில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இரவுப்பணி

எல்லாரும் படிக்கிறதைப் பத்திப் பேசறீங்க. படிக்கவே கூடாத நேரம் ஒண்ணு இருக்கு.

கீமோ போட்டு 7லிருந்து 14 நாளுக்குள்ள வெள்ளையணு கீழ இறங்கியிருக்கும். அப்ப காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டா, தேடாதீங்க, குழுவுல கேக்காதீங்க, விடியட்டும்னு இருக்காதீங்க. அழைச்சுட்டுக் கிளம்பிடணும். கிருமியை எதிர்க்கிற நியூட்ரோபில்ங்கிற வெள்ளையணு இல்லாத உடம்புல சீழ் கட்டாது, வீங்காது, சிவக்காது; பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். அதனாலதான் அளந்து பார்க்கும் முன்னாடி பாராசிட்டமால் கொடுக்காதீங்கன்னு சொல்றது. காய்ச்சல் இறங்கிடும், கிருமி இறங்காது. மருத்துவமனை போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்கிறதுதான் இலக்கு. வாசல்லயே "கீமோ போட்டு இத்தனாவது நாள்"னு முதல் வாக்கியமா சொல்லணும், இல்லன்னா சாதாரணக் காய்ச்சல் வரிசையில உக்கார வச்சிடுவாங்க.

இம்யூனோதெரபிக்குக் கணக்கே வேற. வழக்கத்தைவிட நாளைக்கு 4 தடவையோ அதுக்கு மேலயோ கூடுதலா வயித்தால போனா அது கீமோ வயிற்றுப்போக்கு மாதிரி இல்ல, சொந்த நோயெதிர்ப்பே குடலைத் தாக்குறதா இருக்கலாம். அதுக்கு ஸ்டீராய்டு வேண்டியிருக்கும். "புற்றுநோய் சிகிச்சை வயிற்றுப்போக்கு"ன்னு தேடினா வயிற்றுப்போக்கை நிறுத்துற லோபரமைடுன்னு வரும், அதைப் போட்டு மறைச்சுட்டு இரண்டு நாள் ஓட்டிடுவாங்க. மருந்து நிறுத்திப் பல மாசம் கழிச்சும் இது வரலாம். வேற டாக்டர்கிட்ட வேற எதுக்குப் போனாலும் இம்யூனோதெரபி எடுத்திருக்கேன்னு சொல்லணும்.

வழித்துணை

இரவுப்பணி சொன்னது இந்த இழையில் எல்லாவற்றுக்கும் மேல். அதில் விவாதமே இல்லை.

தேடல்காரன், செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. இன்று பலருடைய தேடல் அங்கேதான் தொடங்குகிறது. 2023-இல் சாட்ஜிபிடியிடம் 104 முறை புற்றுநோய்ச் சிகிச்சை கேட்டுப் பார்த்த ஆய்வில் 102 முறை அது சிகிச்சை சொன்னது. எல்லாவற்றிலும் குறைந்தது ஒன்று மருத்துவர்களுக்கான சிகிச்சை நெறிமுறைக்குப் பொருந்தியது. ஆனால் 34.3% விடைகளில் பொருந்தாத சிகிச்சையும் கூடவே இருந்தது. 12.5% விடைகளில் எந்த நெறிமுறையிலும் இல்லாத கற்பனை. முழுப் பொய்யாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். நாலு சரியின் நடுவில் ஒரு தவறு அதே உறுதியான குரலில் வந்தால் யார் கண்டுபிடிப்பது?

தேடல்காரன்

அந்த ஆய்வு பழைய பதிப்பில் செய்தது, ஆனால் நீங்கள் சொல்லும் தன்மை இன்னும் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வரம்பு இது: அறிக்கையில் உள்ள சொல்லை எளிய மொழியில் விளக்கச் சொல்லலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கச் சொல்லலாம். மருந்து, அளவு, ஆயுள், நிறுத்தலாமா என்ற நான்கையும் கேட்கக் கூடாது. பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டே அறிக்கையைப் போட வேண்டும்.

படிக்க என்று வந்தால் நான் முதலில் சொல்வது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிக்யூ தொகுப்பு. ஒவ்வொரு நோய்க்கும் நோயாளிக்கு ஒரு பதிப்பு, மருத்துவருக்கு ஒரு பதிப்பு. நோயாளிப் பதிப்பில் தொடங்கி, சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் மற்றதைத் திறக்கலாம். திருத்திய தேதி பக்கத்திலேயே இருக்கும், அதை முதலில் பாருங்கள். தேதியும் எழுதியவர் யாரென்பதும் இல்லாத பக்கத்தை மூடிவிடலாம். தர முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம்: ஹான்கோட் என்ற பழைய முத்திரையை வழங்கிய அமைப்பு 2022 இறுதியிலேயே மூடிவிட்டது, முத்திரை சில தளங்களில் ஒட்டியபடியே இருக்கிறது.

மருந்துக்குறிப்பு

"புதிய மருந்து கண்டுபிடிப்பு" செய்திக்கும் ஒரு வரி சேர்க்கிறேன். சோதித்தது கண்ணாடித் தட்டில் உள்ள செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். மனிதர் என்றால் எத்தனையாவது கட்டம்? மனிதச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான் ஒப்புதல்வரை போகிறது.

வழித்துணை

சரி, என் விதியைத் திருத்துகிறேன். "திட்டம் வரும்வரை தேடாதே" என்பதை எடுத்துவிட்டு, "அறிக்கையில் உள்ள சொற்கள் இல்லாமல் தேடாதே" என்று வைக்கிறேன். நோயின் உள்வகை, நிலை, ஏற்பி அல்லது மரபணு முடிவு, மருந்தின் வேதிப்பெயர் ஆகிய நான்கும் தேடல் வரியில் இருக்க வேண்டும். கருவுறுதல் கேள்வி மட்டும் விலக்கு, அதை முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நுரையீரல் புற்றுநோயில் மரபணு முடிவு வரும்முன் "இம்யூனோதெரபியை உடனே தொடங்குங்கள்" என்று இணையத்தைப் படித்துவிட்டு மருத்துவரை நெருக்காதீர்கள். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பிறகு தெரிந்து, அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், முன்பு போட்ட இம்யூனோதெரபியால் நுரையீரல் அழற்சி போன்ற கடுமையான பக்கவிளைவுகள் கூடுகின்றன. அங்கே காத்திருப்பதுதான் சிகிச்சை.

தேடல்காரன்

நான்கு சொல் விதி எனக்குச் சம்மதம். ஆனால் அந்தச் சொற்கள் நோயாளி கையில் இருக்க வேண்டுமே? பல இடங்களில் சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு அறிக்கையைக் கோப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

கூடஇருப்பவள்

அதுக்குத் தான் கூட ஒருத்தர் வேணும்கிறது. பயாப்சி, ஸ்கேன், ஏற்பி அல்லது மரபணு முடிவு, அறுவைக்குப் பிறகு வர்ற முழு அறிக்கை, இந்த நாலுக்கும் நகல் வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க. "ரிப்போர்ட் கொடுங்க"ன்னா சுருக்கம்தான் வரும். கொடுக்கலைன்னா கோப்பு மேசையில விரிச்சிருக்கும்போதே கேட்டுட்டு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்குங்க, ஓரத்துல கையால எழுதியிருக்கறதையும் சேர்த்து. ஸ்கேனுக்குத் தாள் போதாது, படங்கள் அடங்கின சிடியும் வாங்கணும். இரண்டாவது கருத்துக்குப் போற இடத்துல அதைத்தான் முதல்ல கேப்பாங்க. பயாப்சி செய்த இடத்துல, எடுத்த திசுவைப் பதிச்சு வச்சிருக்கிற மெழுகுக் கட்டையை எத்தனை வருஷம் வச்சிருப்பாங்கன்னும் அன்னைக்கே கேட்டு எழுதி வச்சுக்குங்க. புதுச் சோதனை எது வந்தாலும் அந்தக் கட்டையிலிருந்துதான் செய்யப் பார்ப்பாங்க.